போனவர்களும் வந்தவர்களும்: திருகோணமலைத் துறைமுகப் பகுதியின் எழுத்து மரபு

திருகோணமலையைப் பாடிய தமிழ்ப் பாடல்களில் நமக்குக் கிடைப்பவற்றுள் பழமையானது திருஞானசம்பந்தரின் கோணமாமலைப் பதிகம். சம்பந்தர் இந்தக் கரைக்கு வந்து அதைப் பாடவில்லை. இராமேசுவரத்தில் இருந்தபடியே ஈழத்துக் கோணேசரையும் கேதீச்சரத்தையும் பாடினார் என்கிறது பெரியபுராணம். கடலுக்கு அப்பால் நின்று பாடிய பாட்டில்தான் இந்த ஊரின் இலக்கியம் தொடங்குகிறது. அதன்பின் வந்த பதின்மூன்று நூற்றாண்டுகளிலும் திருகோணமலையின் எழுத்தில் பெரும்பகுதி ஊருக்கு வெளியே இருந்தவர்களாலோ, வெளியிலிருந்து ஊருக்கு வந்தவர்களாலோ உருவாகியிருக்கிறது.

ஈழத்து இலக்கிய வரலாறுகள் பிரதேச வாரியாகப் பெயர்களை அடுக்கும்போது பிறந்த ஊரையே அளவுகோலாகக் கொள்கின்றன. யாழ்ப்பாணத்துக்கும் மட்டக்களப்புக்கும் அது ஓரளவு பொருந்தும். திருகோணமலைக்குப் பொருந்தாது. இது துறைமுகம். கண்டி அரசன், போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று ஒருவர் மாறி ஒருவர் குறிவைத்த இடம். 1957 வரை பிரித்தானியக் கடற்படை இங்கே தளம் வைத்திருந்தது. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் பெருந்தொகையாகச் சேர்ந்து வாழும் மாவட்டமும்கூட. இப்படிப்பட்ட இடத்தில் யார் ஊரவர், யார் வந்தவர் என்று கோடு கிழித்துவிட்டு இலக்கியம் பேசினால் பாதிக் கதை விடுபட்டுப்போகும்.

ஊரை விட்டுப் போனவர்கள், ஊரிலேயே இருந்தவர்கள், ஊருக்கு வந்து சேர்ந்தவர்கள் என்ற மூன்று வரிசைகளையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். ஒரு எழுத்தாளருக்கு வேர் எது, அவர் குடியிருந்த வீடு எழுத்துக்கு என்ன கொடுத்தது, கற்பனைக்கு ஊற்று எங்கே இருந்தது என்ற கேள்விகளுக்கு இந்த மூன்று வரிசைகளும் மூன்று விதமான விடைகளைத் தருகின்றன.

சென்னைக்குப் போன சகோதரர்கள்

19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் அச்சும் உயர்கல்வியும் யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் திரண்டிருந்தன. திருகோணமலையில் தமிழ் படித்து மேலே போக விரும்பிய இளைஞருக்குக் கடல் தாண்டுவது இயல்பான வழி. அப்படிப் போனவர்களில் முதன்மையானவர்கள் தி.த.கனகசுந்தரம்பிள்ளையும் (1863–1922) அவர் தம்பி தி.த.சரவணமுத்துப்பிள்ளையும் (1865–1902).

அண்ணன் பதிப்பாசிரியராகப் பெயர் பெற்றார். அவர் பதிப்பித்த ‘தமிழ் நாவலர் சரிதை’ 1921இல் வெளிவந்தது. தம்பிக்குச் சென்னையில் சுவடிகள் காக்கும் நூலகத்தில் வேலை. 1892இல் ‘தத்தைவிடு தூது’ என்ற சிறு நூலை எழுதினார். கிளியைத் தூதனுப்பும் பழைய வடிவத்தை எடுத்துக்கொண்டு, பெண்ணின் கல்வியையும் சுதந்திரத்தையும் பேசினார். 1895இல் சென்னையில் அவருடைய ‘மோகனாங்கி’ வெளிவந்தது. திருச்சி, தஞ்சை நாயக்கர் காலத்தைக் களமாகக் கொண்ட இந்த நாவலைத் தமிழின் முதல் வரலாற்று நாவலாக ஆய்வாளர் பலர் கொள்கின்றனர். 37 வயதில் அவர் இறந்துபோனார்.

திருகோணமலையில் பிறந்தவர் எழுதிய நாவலில் திருகோணமலை இல்லை. இதைக் குறையாகச் சொன்னவர்கள் உண்டு. ‘ஈழத்து நாவல்’ என்ற பட்டியலில் மோகனாங்கியைச் சேர்க்கலாமா என்ற தயக்கமும் அங்கிருந்தே வந்தது. ஆனால் அந்த இளைஞரின் அன்றாடத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். அவர் கைக்கு நாள்தோறும் வந்தவை பழஞ்சுவடிகள். தென்னாட்டு அரசர்களின் கதைகள் அவருடைய மேசைமேல் இருந்தன. எழுத்துக்கான பொருள் வேலை செய்த இடத்திலிருந்து வந்தது. பொருளை அணுகிய துணிவு வேறெங்கிருந்தோ வந்தது. நாயக்க அரசு ஒன்றின் வரலாற்றைப் புராணமாக்காமல், வழிபாட்டுத் தொனி இல்லாமல் உரைநடைக் கதையாக்க ஒரு தொலைவு வேண்டும். அந்த மண்ணுக்கு வெளியே பிறந்தவருக்கு அந்தத் தொலைவு இயற்கையாகவே வாய்த்தது. மோகனாங்கியில் திருகோணமலையைத் தேட வேண்டிய இடம் அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

பிரமிள்: பாதிக்கு மேற்பட்ட ஆயுள்

இதே பாதையில் முக்கால் நூற்றாண்டு கழித்துப் போனவர் தருமு சிவராமு என்ற பிரமிள். 1939 ஏப்ரல் 20ஆம் தேதி திருகோணமலையில் பிறந்தவர். பிறப்புப் பெயர் சிவராமலிங்கம். ஊரில் இராமகிருஷ்ண மிஷன் பாடசாலையில் படித்தார். அந்த மிஷனின் கல்விப் பணிக்கு இங்கே அடித்தளமிட்டவர்களில் ஒருவர் விபுலாநந்த அடிகள். அவரும் மட்டக்களப்புப் பகுதியிலிருந்து வந்து இந்த ஊரின் இந்துக் கல்லூரிக்குத் தலைமை தாங்கியவரே.

சி.சு.செல்லப்பா 1959இல் சென்னையில் ‘எழுத்து’ இதழைத் தொடங்கினார். அடுத்த ஆண்டிலேயே திருகோணமலையிலிருந்து இருபது வயது இளைஞரின் கவிதைகளும் கட்டுரைகளும் தபாலில் போய் அதில் அச்சேறத் தொடங்கின. 1967இல் வெளிவந்த, சிறுகதையாளர் மௌனியின் கதைத் தொகுப்புக்கு முன்னுரை எழுதியதும் அவர்தான். தமிழ்ப் புதுக்கவிதையின் முதல் தலைமுறையையும் மௌனி பற்றிய விமரிசன நோக்கையும் வடிவமைத்த எழுத்துகளில் ஒரு பங்கு, சென்னையில் காலடி வைக்காத ஒருவரால் திருகோணமலையில் இருந்துகொண்டே எழுதப்பட்டது.

1970களின் தொடக்கத்தில் அவர் இந்தியா வந்தார். ‘கண்ணாடியுள்ளிருந்து’ (1972), ‘கைப்பிடியளவு கடல்’ (1976), ‘மேல்நோக்கிய பயணம்’ (1980) ஆகிய கவிதைத் தொகுதிகள் தமிழ்நாட்டில் வெளிவந்தன. பெரும்பாலும் சென்னையில், நிலையான வருமானமோ சொந்த வீடோ குடும்பமோ இல்லாமல் வாழ்ந்தார். எண்கணிதத்தில் நம்பிக்கை வைத்துத் தம் பெயரைப் பலமுறை மாற்றிக்கொண்டார். 1997 ஜனவரி 6ஆம் தேதி வேலூருக்கு அருகே கரடிக்குடியில் காலமானார்.

தமிழ்நாட்டு விமரிசனம் அவரைச் சென்னைச் சிற்றிதழ்ச் சூழலின் ஆளாகவே பார்த்துப் பழகிவிட்டது. கணக்குப் பார்த்தால் விஷயம் வேறு. 57 ஆண்டு வாழ்ந்தவர், முப்பது வயது தாண்டும்வரை திருகோணமலையில் இருந்தார். ஆயுளில் பாதிக்கு மேல் அங்கேதான். படிப்பு, ஓவியம், ஆன்மிகத் தேடல், ஆங்கிலத்தில் வாசித்த உலக இலக்கியம், எழுத்தின் முதல் பத்தாண்டு எல்லாம் அந்த ஊரிலேயே நடந்தவை. சென்னைக்கு வந்தவர் மாணவராக வரவில்லை. உருவாகி முடிந்த கவிஞராக வந்தார்.

அவருடைய கவிதைகளிலும் ஊர் பெயர் சொல்லி வருவது அரிது. கோணேசர் கோயில் எழுந்து நிற்கும் செங்குத்துப் பாறையையோ, உட்துறைமுகத்தையோ, கன்னியா வெந்நீர்க் கிணறுகளையோ அங்கே தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். ஆனால் அவர் கவிதைகளில் ஒரு கை அளவுள்ள பொருளும் எல்லையற்ற வெளியும் ஒரே மூச்சில் சந்திக்கின்றன. ‘காவியம்’ என்ற மிகச் சிறிய கவிதைக்குப் பறவையிடமிருந்து கழன்ற இறகே பொருள். ஐன்ஸ்டீனின் சமன்பாட்டைத் தலைப்பாகக் கொண்ட கவிதையில் பௌதிகமும் வேதாந்தமும் மோதுகின்றன. செங்குத்தான பாறை விளிம்பும், அதன் கீழே ஆழ்கடலும், மேலே தடையில்லாத வானமும் இருக்கும் ஊரில் முப்பது ஆண்டு வாழ்ந்தவருக்கு இந்த அளவு வேறுபாடு கண்ணுக்குப் பழகியிருக்கும். இது என் வாசிப்பு மட்டுமே. அவருடைய கவிதையை இன்னும் நெருங்கிப் படிக்க இந்த வாசிப்பு எனக்கு உதவியிருக்கிறது.

ஊரை அவர் மறக்கவும் இல்லை. தமிழருக்கு எதிரான 1983 வன்செயல்களுக்கு அடுத்த ஆண்டில் ‘ஸ்ரீலங்காவின் தேசியத் தற்கொலை’ என்ற நூலை எழுதினார். கவிதையில் மறைந்திருந்த நாடு, பற்றி எரிந்தபோது உரைநடையில் நேரடியாக வந்து நின்றது.

கரையில் இருந்தவர்கள்

போனவர்கள் ஊரின் பெயரை எழுதவில்லை என்றால், இருந்தவர்கள் ஊரின் தொழிலை எழுதினார்கள்.

இந்த வரிசையின் தலைமகன் மூதூர் வ.அ.இராசரத்தினம் (1925–2001). ஆசிரியத் தொழில் செய்தவர். கொட்டியாரக் குடாவின் தென்கரையில் இருக்கிறது மூதூர். மகாவலி கடலோடு கலப்பதும் இந்தக் குடாவில்தான். வயலும் காடும் கடலும் ஒரே நடையில் எட்டிவிடும் தூரத்தில் இருக்கும் ஊர். அங்கிருந்து பட்டினத்துக்கு வர ‘லோஞ்ச்’ ஏற வேண்டியிருந்தது. தரைவழி போனால் துறைக்குத் துறை ‘பாதை’ எனப்படும் மிதவை வரும்வரை காத்து நிற்க வேண்டியிருந்தது. கிண்ணியாவில் பெரிய பாலம் திறந்தது 2009இல்தான்.

இராசரத்தினத்தின் ‘தோணி’ தொகுதி 1962இல் வெளிவந்து சாகித்திய மண்டலப் பரிசு பெற்றது. அதன் தலைப்புக் கதையின் மையத்தில் சொந்தத் தோணி ஒன்றுக்காக ஏங்கும் கடற்கரைச் சிறுவன் இருக்கிறான். கடல் எல்லாருக்கும் பொது. தோணி மட்டும் ஒருவருக்குச் சொந்தம். தோணி இல்லாதவன் எவ்வளவு உழைத்தாலும் பிடித்த மீனில் பெரும்பங்கு தோணிக்காரனுக்குப் போய்விடும். கடற்றொழிலின் இந்தப் பங்குக் கணக்கைத் தெரிந்தவரால்தான் ஏக்கத்தை அந்த இடத்தில் வைக்க முடியும். முழக்கம் எதுவும் எழுப்பாமல் வர்க்கம் என்றால் என்ன என்பதைச் சிறுவனின் ஆசை வழியே சொன்ன அந்தக் கதை ஈழத்துச் சிறுகதைகளின் நல்ல தொகுப்புகளில் மீண்டும் மீண்டும் இடம்பெறுவதற்குக் காரணம் உண்டு. ‘கொழுகொம்பு’, ‘கிரௌஞ்சப் பறவைகள்’ போன்ற நாவல்களையும் அவர் எழுதினார். தம் காலத்து இலக்கிய உலகைப் பற்றிய நினைவுக் குறிப்புகளையும் விட்டுச்சென்றார்.

அவருக்கு முன்னரே, 1891இல், திருகோணமலை எஸ்.இன்னாசித்தம்பி ‘ஊசோன் பாலந்தை கதை’யை வெளியிட்டார். சித்திலெவ்வையின் ‘அசன்பேயுடைய கதை’ (1885) வெளிவந்த ஆறு ஆண்டுக்குள் வந்த நாவல் இது. கதை ஐரோப்பியக் காவியக் கதை மரபிலிருந்து எடுத்தது. மோகனாங்கியையும் சேர்த்தால் ஈழத்துத் தமிழ் நாவலின் முதல் பத்தாண்டில் இரண்டு பெயர்கள் இந்த மாவட்டத்துடையவை என்பதும், இரண்டும் தொலைதூரக் கதைகளை எடுத்துக்கொண்டன என்பதும் கவனத்துக்குரியவை. கப்பல்கள் வந்து போகும் கரையில் வாசகருக்கும் எழுத்தாளருக்கும் அயல்நாட்டுக் கதை அந்நியமாகத் தோன்றியிருக்காது.

ஊரிலிருந்தே எழுதிய பெண்களில் ந.பாலேஸ்வரி முக்கியமானவர். அவருடைய ‘சுடர்விளக்கு’ 1966இல் நூலாக வந்தது. ஈழத்துப் பெண் நாவலாசிரியர்களின் வரலாற்றில் அவர் பெயர் முன்வரிசையில் நிற்கிறது. கிண்ணியாவில் அண்ணல், ஈச்சந்தீவுப் பக்கம் தாமரைத்தீவான் என்று மரபுக் கவிதையில் ஊன்றி நின்றவர்களும் உண்டு. முஸ்லிம் கவிஞரும் தமிழ்க் கவிஞரும் ஒரே யாப்பில், பக்கத்துப் பக்கத்து ஊர்களிலிருந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். பின்னாளில் அரசியல் இந்த ஊர்களைப் பிரித்தபோதும் கவிதையின் இந்த அயல்வீட்டு உறவு முற்றாக அறுந்துவிடவில்லை. நாடகக்காரராகவும் பதிப்பாளராகவும் இருந்த த.சித்தி அமரசிங்கம் ‘ஈழத்து இலக்கியச் சோலை’ என்ற பெயரில் உள்ளூர் எழுத்தாளர்களின் நூல்களைத் தம் முயற்சியில் அச்சேற்றினார். அவர் செய்யாமல் விட்டிருந்தால் அவற்றில் பல நமக்குக் கிடைத்தே இருக்காது.

வந்து சேர்ந்தவர்கள்

மூன்றாவது வரிசை விசித்திரமானது. அதன் முதல் ஆள் கைதியாக வந்தவர்.

1660இல் ‘ஆன்’ என்ற ஆங்கிலக் கப்பல், புயலில் முறிந்த பாய்மரத்தைச் சரிசெய்வதற்காகக் கொட்டியாரக் குடாவில் நங்கூரமிட்டது. கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் கப்பல் தலைவரையும் அவர் மகன் ரொபேர்ட் நொக்சையும் மாலுமிகள் சிலரையும் பிடித்து உள்நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். அடுத்த ஆண்டு தந்தை காய்ச்சலில் இறந்தார். மகன் 19 ஆண்டு கண்டி இராச்சியத்துக்குள் வாழ்ந்தார். சிறைக்கூடம் எதுவும் இல்லை. ஊர் ஊராகக் குடிவைக்கப்பட்டார். தொப்பி பின்னி விற்றார், கோழியும் பன்றியும் வளர்த்தார், நெல்லை வட்டிக்குக் கொடுத்தார், எலதெத்த என்ற ஊரில் வீடும் கட்டிக்கொண்டார். ஒருநாள் உள்ளூர் முதியவர் ஒருவரிடம் ஆங்கில விவிலியப் பிரதி ஒன்று இருப்பது தெரியவந்தது. தாம் பின்னிய தொப்பி ஒன்றைக் கொடுத்து அதை வாங்கிக்கொண்டார். தாய்மொழியில் ஒரு புத்தகத்தைக் கையில் பிடித்த அந்த நாளை நன்றியோடு பதிவு செய்திருக்கிறார்.

1679இல் தப்பி அரிப்பு ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். 1681இல் லண்டனில் அவருடைய இலங்கை நூல் வெளிவந்தது. அதைச் செம்மைப்படுத்த விஞ்ஞானி ரொபேர்ட் ஹூக் உதவினார். அரசியலைவிட அந்த நூலின் பலம் வீட்டு வாழ்க்கையில் இருக்கிறது. நெல் எப்படி விதைத்தார்கள், எப்படிச் சூடு மிதித்தார்கள், உணவு எப்படிச் சமைத்தார்கள், எதை எப்போது உண்டார்கள் என்பதெல்லாம் அதில் விரிவாக இருக்கின்றன. விருந்தாளியின் கண்ணுக்கு இவை படாது. பத்தொன்பது ஆண்டு அங்கே அடுப்பு மூட்டியவருக்கே படும். அவர் பிடிபட்ட நினைவாக மூதூரில் கல் நாட்டப்பட்டது.

மூன்று நூற்றாண்டு கழித்து விரும்பியே வந்தவர் அறிவியல் புனைகதையாளர் ஆர்தர் சி. கிளார்க். 1956இல் இலங்கையில் குடியேறிய அவர் 2008இல் கொழும்பில் இறக்கும்வரை இங்கேயே வாழ்ந்தார். கோணேசர் பாறைக்கு அடியில் கடலுக்குள் கிடந்த கோயில் இடிபாடுகளை அவரும் நண்பர் மைக் வில்சனும் 1956இல் மூழ்கிப் பார்த்தார்கள். 1620களில் போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய கோயிலின் செதுக்கிய தூண்களும் கற்களும் அவை. அந்தத் தேடலை அடுத்த ஆண்டு நூலாக எழுதினார் கிளார்க். நீருக்கடியில் உடலின் பாரம் மறைந்துபோகும் அனுபவமே விண்வெளிப் பயணத்துக்கு மிக நெருங்கிய ஒத்திகை என்று கருதியவர் அவர். விண்வெளியைக் கற்பனை செய்தவரின் ஊற்றுகளில் ஒன்று இந்தக் கடலடியில் இருந்தது. கிளார்க் பாறைக்குக் கீழே மூழ்கிக்கொண்டிருந்த அந்த ஆண்டு, அதே ஊரில் பிரமிளுக்கு 17 வயது. இருவரும் வெவ்வேறு மொழியில், வெவ்வேறு வழியில், கடலிலிருந்து பிரபஞ்சத்துக்குப் போனார்கள்.

வந்தவர்களில் நம்மவர்களும் உண்டு. கவிஞர் சு.வில்வரத்தினம் (1950–2006) புங்குடுதீவைச் சேர்ந்தவர். மக்கள் வெளியேறியபின் வெறிச்சோடிய தீவுக் கிராமத்தைப் பற்றிய ‘காற்றுவெளிக் கிராமம்’ அவருடைய முக்கியமான தொகுதி. பிற்காலத்தில் திருகோணமலையில் வாழ்ந்தார். சிறுகதையாளர் நந்தினி சேவியர் (1949–2021) யாழ்ப்பாணத்து மட்டுவிலில் பிறந்து திருகோணமலையில் நிலைகொண்டவர். ‘அயற்கிராமத்தைச் சேர்ந்தவர்கள்’, ‘நெல்லிமரப் பள்ளிக்கூடம்’ ஆகிய தொகுதிகளில் அவர் எழுதியது பெரும்பாலும் வடபுலத்து உழைக்கும் மக்களின் வாழ்வு. கடல் தாண்டாமலே புலம்பெயர்ந்தவர்கள் இவர்கள். இருவருக்கும் திருகோணமலை எழுதும் மேசையைத் தந்தது. எழுதிய பொருள் பிறந்த மண்ணிலிருந்து வந்தது.

கனடாவிலிருந்து

இன்றைய தலைமுறையில் ஊரை விட்டுப் போனவர்களின் வரிசையைத் தொடர்பவர் தமிழ்நதி. திருகோணமலையில் பிறந்து கனடாவுக்குப் புலம்பெயர்ந்தவர். ‘சூரியன் தனித்தலையும் பகல்’ கவிதைத் தொகுதியும் ‘கானல் வரி’யும் அவரைத் தமிழ்நாட்டு வாசகரிடம் கொண்டுசென்றன. 2016இல் வந்த ‘பார்த்தீனியம்’ நாவல் 1980களின் இயக்கக் காலத்தையும் இந்திய இராணுவம் நிலைகொண்டிருந்த நாட்களையும் பேசுகிறது. அந்தப் படையோடு வந்து வடக்கின் வயல்களில் பரவியதாக மக்கள் சொல்லும் களைச்செடியின் பெயரே தலைப்பு.

சரவணமுத்துப்பிள்ளை காலத்துப் பயணத்துக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இருக்கிறது. அன்று போனவர் கற்கப் போனார், வேலைக்குப் போனார். நினைத்தால் திரும்பியிருக்கலாம். 1983க்குப் பின் போனவர்கள் துரத்தப்பட்டுப் போனார்கள். ஆகவே புலம்பெயர் எழுத்தில் வீடு என்பது பழைய ஏக்கமாக மட்டும் வருவதில்லை. பறிபோன உரிமையாக வருகிறது. யார் எங்கே இருந்தார்கள், அங்கே என்ன நடந்தது என்பதற்குச் சாட்சியாகவும் வருகிறது. டொரொன்டோவின் குளிர்காலத்து அடுக்குமாடி வீட்டில் இருந்துகொண்டு வெக்கை நிறைந்த தெருவை எழுதும் ஒருவருக்கு நினைவு ஒரு பொறுப்பு. வேறு யாரும் எழுதாவிட்டால் அது நடக்கவே இல்லை என்று ஆகிவிடும்.

பார்வைக்கு வருவது

இந்த மூன்று வரிசைகளையும் சேர்த்துப் பார்க்கும்போது ஒரு ஒழுங்கு தெரிகிறது. போனவர்களிடம் ஊர் பார்வையாக மாறியது. இருந்தவர்களிடம் தொழிலாகவும் உறவாகவும் எழுத்துக்குள் வந்தது. வந்தவர்களுக்குப் புதிதாகப் பார்க்கும் கண்ணைத் தந்தது, அல்லது தம் சொந்த மண்ணை எழுத ஓரிடத்தைக் கொடுத்தது. எழுத்தாளரின் வேர் என்பதைப் பிறப்புச் சான்றிதழிலோ கடைசி முகவரியிலோ மட்டும் தேடினால் பிரமிள் சென்னைக்காரராகவும், வில்வரத்தினம் புங்குடுதீவுக்காரராகவும், நொக்ஸ் அந்நியராகவும் பிரிந்துபோவார்கள். திருகோணமலைக்கு மிஞ்சுவது மிக மெலிந்த ஒரு பட்டியல்.

இதற்கு நடைமுறை விளைவுகளும் உண்டு. மோகனாங்கி போன்ற முன்னோடி நாவலே ஒரு நூற்றாண்டுக்கு மேல் பெரும்பாலான வாசகருக்குக் கைக்கெட்டாமல் இருந்தது. ஈழத்தவர் அதைத் தமிழ்நாட்டு நூல் என்று விட்டார்கள், தமிழ்நாட்டவர் ஈழத்தவர் எழுதியது என்று விட்டார்கள். பிரமிள் ஊரிலிருந்து எழுதிய முதல் பத்தாண்டை அந்த ஊரின் வரலாற்றோடு வைத்து ஆராயும் வேலை இன்னும் போதிய அளவு நடக்கவில்லை. 2005 முதல் இயங்கும் நூலகம் நிறுவனம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவில் சேர்த்துவருவது பெரிய தொண்டு. சிறு பதிப்பகங்கள் வெளியிட்ட திருகோணமலை நூல்கள் பல அதனால் காப்பாற்றப்பட்டுள்ளன. ஆனால் சேர்ப்பது முதற்படி. படிப்பதும் ஒன்றோடொன்று வைத்து ஒப்பிடுவதும் நம் கையில் இருக்கின்றன.

திருகோணமலையில் இயங்கும் பல்கலைக்கழக வளாகத்திலும் பாடசாலைகளிலும் ‘எங்கள் ஊர் இலக்கியம்’ என்று ஒரு பாடம் வைப்பதானால் ‘தோணி’யையும் நொக்சின் நூலின் தமிழாக்கத்தையும் பிரமிளின் ஆரம்பக் கவிதைகளையும் மோகனாங்கியையும் ‘பார்த்தீனிய’த்தையும் கிண்ணியாக் கவிஞர்களையும் ஒரே பாடத்தில் வைக்க வேண்டும். மூன்று இனத்துப் பிள்ளைகளும் ஒன்றாகப் படிக்கக்கூடிய பாடம் அது. தங்கள் ஊர் யாருக்கும் தனியுடைமை அல்ல என்பதை அவர்கள் முதலில் இலக்கியத்தின் வழியே அறிந்துகொள்ளட்டும். போர் இந்த மாவட்டத்துக்குக் கற்பித்தது அதற்கு நேர்மாறான பாடம். அதை மாற்றி எழுதும் வேலையைத் தொடங்கத் தேவையான நூல்கள் எல்லாம் ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டன.